ஃபங்ஷன் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்தால்: வெளிநாட்டு துர்கா பூஜை மேடைக்கு முழு வழிகாட்டி

நியூஜெர்சியில் எங்கள் தெருவில் ஒரு வங்காளிக் குடும்பம் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன்னால் ஒரு செப்டம்பர் மாதம் அந்த வீட்டுக்காரர் கதவைத் தட்டி, "உங்களுக்கு சவுண்ட் மிக்ஸர் தெரியுமாமே?" என்று கேட்டார். பொங்கல் விழாக்களில் மைக் பார்த்துக்கொண்ட பழக்கத்தில், தெரியும் என்று சொல்லிவிட்டேன். அன்று மாட்டியவன் இன்னும் வெளியே வரவில்லை. அவர்கள் சங்கத்தில் என்னைவிடச் சிறியவர்கள் எல்லோரும் என்னை 'தாதா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். வங்காளியில் அண்ணன் என்று அர்த்தம். ஊரில் அம்மாவிடம் சொன்னபோது, "உனக்கு எதுக்குடா அந்தப் பொழப்பு?" என்றாள்.

மேடை நிகழ்ச்சியை அவர்கள் 'ஃபங்ஷன்' என்கிறார்கள். நமக்கு ஃபங்ஷன் என்றால் காதுகுத்து, கிரகப்பிரவேசம். அவர்களுக்கு அது பாட்டு, நடனம், கவிதை ஒப்பித்தல், நாடகம். அம்மன் ஒரு கூடத்தில், மேடை பக்கத்துக் கூடத்தில், சாப்பாடு மூன்றாவது கூடத்தில். மூன்றும் சேர்ந்தால்தான் பூஜை. நம் நவராத்திரிக் கொலுவில் பாடச் சொல்வார்களே, அதே பழக்கம் ஐந்நூறு பேருக்குப் பெருகினால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். கூடவே மட்டன் குழம்பும் உண்டு.

பக்கத்து வீட்டு வங்காளி உங்களையும் இப்படி இழுத்துவிட்டால் என்னென்ன செய்ய வேண்டும் என்பதை நான் பட்ட வரிசையிலேயே எழுதுகிறேன். தமிழ்ச் சங்கம் நடத்துபவர்களுக்கும் பாதி உதவும்.

முதலில்: உங்களுக்கு மூன்று எஜமானர்கள்

மேடைப் பொறுப்பாளருக்கு நேரம் சொந்தமில்லை. பஞ்சாங்கம், சமையற்கூடம், பள்ளிக் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் கஸ்டோடியன் ஆகிய மூன்று பேரிடமிருந்து கடன் வாங்கித்தான் நிகழ்ச்சி நடத்துகிறீர்கள். நேரப்பட்டியல் உடைகிற ஒவ்வொரு தடவையும் இந்த மூவரில் ஒருவரை யாரோ மறந்திருப்பார்கள்.

கொல்கத்தாவில் பூஜை சஷ்டி முதல் தசமி வரை ஐந்து நாள். அந்தத் திருவிழாவைத்தான் யுனெஸ்கோ 2021 டிசம்பரில் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. இங்கே யாருக்கும் ஐந்து நாள் விடுமுறை கிடையாது. அதனால் பெரும்பாலான சங்கங்கள் வெள்ளி மாலை தொடங்கி ஞாயிறு இரவுக்குள் ஐந்து நாளையும் மடித்து வைத்துவிடுகின்றன. 2025-இல் அஷ்டமி செப்டம்பர் 30, செவ்வாய்க்கிழமை. சில சங்கங்கள் அதற்கு முந்தைய வார இறுதியிலும், சில அடுத்த வார இறுதியிலும் கொண்டாடின. கோயில் வைத்திருப்பவர்கள் திதிப்படியே நடத்துவார்கள். வங்காளத்திலும் இரண்டு பஞ்சாங்கக் கட்சி உண்டு: குப்தா பிரஸ், விசுத்த சித்தாந்தம். நம் வாக்கியம், திருக்கணிதம் சண்டை மாதிரியே. அந்தப் பேச்சில் தலையிடாதீர்கள். புரோகிதர் சொல்கிற நேரத்தை எழுதிக்கொண்டு வாருங்கள், போதும். அவர் பெரும்பாலும் வாரநாளில் வேறு வேலை பார்ப்பவர். அவருக்கும் கையில் ஒரு காகிதப் பட்டியல் இருந்தால் நிம்மதி.

மே, ஜூன்: கட்டடம்

இடம் என்றால் உயர்நிலைப் பள்ளிதான். ஆடிட்டோரியமும் கஃபெடீரியாவும் ஜிம்மும் ஒரே கூரைக்குக் கீழே வேறெங்கும் கிடைக்காது. முன்பதிவு செய்யும்போது மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள். கதவு எத்தனை மணிக்குத் திறக்கும், எத்தனை மணிக்குக் காலி செய்ய வேண்டும், அதைத் தாண்டினால் மணிக்கு எவ்வளவு. அப்புறம் தீ பற்றிய விதி. விளக்கு, கற்பூரம், சாம்பிராணி எதையும் உள்ளே ஏற்ற அனுமதி உண்டா? "சின்ன விளக்குதான்" என்று வாய்வார்த்தையாகப் பேசி வைக்காதீர்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். பள்ளி கேட்கிற காப்பீட்டுச் சான்றிதழையும் இப்போதே ஏற்பாடு செய்யுங்கள்.

ஜூலை: யார் யார் ஏறப்போகிறார்கள்

பெயர் வாங்கும் படிவத்தில் இவை கட்டாயம் இருக்க வேண்டும்: என்ன நிகழ்ச்சி, எத்தனை பேர், எத்தனை நிமிடம், எத்தனை மைக், உட்கார்ந்தா நின்றா, பாட்டு ரெக்கார்டா நேரடியா. 'நிமிடம்' என்ற கட்டத்தில் எல்லோரும் ஐந்து என்றுதான் எழுதுவார்கள். அதை எட்டு என்று படியுங்கள்.

வங்காளிகளின் பட்டியலில் என்னென்ன வரும் என்று தெரிந்துகொள்வது நல்லது. ஆகமனி என்பது அம்மனை வரவேற்கும் பாட்டு. அதில் துர்கை போர்த்தெய்வம் இல்லை. கைலாசத்திலிருந்து வருடத்துக்கு ஒரு தடவை பிறந்த வீடு வருகிற பெண் உமா. அம்மா மேனகை ஏங்கிப் பாடுகிறாள். இதைப் புரிந்துகொண்டால் மொழி தெரியாமலே அந்தப் பாட்டில் தொண்டை அடைக்கும். வெள்ளி மாலை இதில்தான் தொடங்க வேண்டும். வேறெதையும் முன்னால் விடாதீர்கள். அடுத்தது தாகூரின் பாடல்களான ரவீந்திர சங்கீதம், கவிஞர் நஸ்ருலின் பாடல்கள், 'ஆதுனிக்' என்கிற பழைய மெல்லிசை. அப்புறம் ஆபிருத்தி, அதாவது கவிதையை நடிப்போடு ஒப்பிப்பது. மேடையில் உட்கார்ந்து படித்தே நடிக்கும் ஸ்ருதி நாடகமும் உண்டு. மனப்பாடம் வேண்டாம், காட்சி ஜோடனை வேண்டாம், வேலைக்குப் போகிறவர்களுக்கு உகந்தது. இதை நம் சங்கங்கள் ஏன் இன்னும் திருடவில்லை என்று தெரியவில்லை.

மகாளயத்தன்று விடிகாலையில் வானொலியில் ஒலிக்கும் மகிஷாசுரமர்த்தினி நிகழ்ச்சியை மேடையேற்றலாம் என்று யாராவது நிச்சயம் கேட்பார்கள். 1931-இல் தொடங்கியது, பீரேந்திர கிருஷ்ண பத்ரவின் குரல். 1976-இல் அகில இந்திய வானொலி அவரை நீக்கிவிட்டு, திரை நட்சத்திரம் உத்தம் குமாரை வைத்துப் புதிதாக ஒலிபரப்பியது. நேயர்கள் கொந்தளித்துப் பழையதையே திரும்ப வரவழைத்தார்கள். ஆகவே உங்கள் பொறுப்பில் 'புது மாதிரி' முயற்சி வேண்டாம். அந்தக் குரலையே சுருக்கிப் போட்டு, குழந்தைகளை அதற்கு ஆடவிடுங்கள்.

குழந்தைகள்: இங்கேதான் கணக்கு

45 குழந்தைகள் பெயர் கொடுத்தால், ஆளுக்கு 3 நிமிடம் என்றாலும் 135 நிமிடம். ஏறி இறங்கும் நேரம் தனி. இரண்டரை மணி நேரம் அடுத்தவர் வீட்டுப் பிள்ளையைப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை. தன் பிள்ளை முடிந்ததும் குடும்பத்தோடு சாப்பிடப் போய்விடுவார்கள். கடைசியில் ஆடுகிற குழந்தை காலி நாற்காலிகளுக்கு ஆடும். நான் முதல் வருடம் பார்த்த காட்சி இது. வெள்ளைப் புடவை, சிவப்புக் கரை, காலில் ஆல்தா என்ற சிவப்புச் சாயம், ஏழு வயது. எதிரே நான்கு தாத்தா பாட்டிகள். ஆடி முடித்துக் கும்பிட்டுவிட்டு என்னிடம் வந்து, "எல்லாரும் எங்கே போனாங்க?" என்று ஆங்கிலத்தில் கேட்டது. மறு வருடம் முதல் தனி நிகழ்ச்சியே கிடையாது என்று விதி போட்டோம்.

6 குழுக்கள், குழுவுக்கு 5 நிமிடம், நடுவில் 2 நிமிடம் என்றால் சுமார் 40 நிமிடத்தில் முடியும். வயதுவாரியாகப் பிரிக்காதீர்கள். பெரிய பிள்ளை ஒன்று முன்னால் இருந்தால்தான் சின்னது அதைப் பார்த்து ஆடும். முக்கியமான தந்திரம்: கடைசிக் குழுவில் எல்லாக் குழந்தைகளும் ஒரு தடவை மேடைக்குத் திரும்பி வர வேண்டும். அது தெரிந்தால் எந்தப் பெற்றோரும் எழுந்து போகமாட்டார்கள்.

பத்துக் கை துர்கைக்கு ஒரு பெண் முன்னால், நான்கு பேர் பின்னால் வரிசையாக நின்று கை நீட்டுவது வழக்கம். துர்கையாக நடிக்கப் போட்டி வரும் என்று நினைத்துப் பயந்திருந்தேன். சண்டை வந்தது சிங்கத்துக்கு.

இங்கே பிறந்த பிள்ளைகள் பலருக்கு வங்காளி பேச வரும், படிக்க வராது. வசனத்தையும் கவிதையையும் ஆங்கில எழுத்தில் அடித்துக் கொடுங்கள். கூடவே ஒரு பாட்டியின் குரலில் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். உச்சரிப்பு காகிதத்திலிருந்து வராது.

ஆகஸ்ட், செப்டம்பர்: நாட்டிய நாடகமும் பேஸ்மென்ட்டும்

பெரியவர்களின் பெரிய ஆசை தாகூரின் நாட்டிய நாடகம். சித்ராங்கதா (1936), சண்டாளிகா (1938), ஷ்யாமா (1939) என மூன்றில் ஒன்றைத்தான் எடுப்பார்கள். முழுதாக ஆடினால் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகும். நீங்கள் 30 நிமிடத்துக்குமேல் கொடுக்காதீர்கள். என் ஓட்டு சித்ராங்கதாவுக்கு. ஆண்பிள்ளை போல வளர்க்கப்பட்ட மணிப்பூர் இளவரசி, அர்ஜுனனைப் பார்த்ததும் அழகி வேடம் வாங்கிக்கொள்கிறாள், பிறகு அது வேண்டாம் என்கிறாள். அல்லி ராணி கதை கேட்டு வளர்ந்த நமக்கு அர்ஜுனனின் இந்தப் பக்கம் புதிதில்லை. வேடத்துக்கு முன் ஒருவர், வேடத்துக்குப் பின் ஒருவர் என்று இரண்டு நடனக்காரர்களைப் போடுவது வழக்கம். அதனால் 'யார் நாயகி' என்ற தகராறும் பாதி தீர்ந்துவிடும். ஷ்யாமா சோகமானது. சாப்பிட்டுவிட்டு வந்தவர்களுக்கு வேண்டாம்.

தாகூர் பாட்டில் கை வைக்கலாமா என்று யாராவது இளையவர் கேட்டால்: பதிப்புரிமை 2001 முடிவோடு போய்விட்டது, அதுவரை அவர் நிறுவிய விஸ்வபாரதி பல்கலைக்கழகத்தின் இசைக் குழு ஒவ்வொரு பதிவையும் சோதித்தது. இன்று சட்டப்படி கிடார், டிரம்ஸ் எதுவும் சேர்க்கலாம். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் மாசிமாக்களின், அதாவது பெரியம்மா சித்திகளின் சட்டம் வேறு.

ஒத்திகை யாராவது ஒருவர் வீட்டு பேஸ்மென்ட்டில், ஞாயிறு மாலை. இரண்டு மணி நேரம் என்பார்கள். முதல் முக்கால் மணி டீ, ஜால்முடி என்ற காரப் பொரி, அரட்டை. அந்த அரட்டையை அவர்கள் 'ஆட்டா' என்பார்கள். அதை வெட்டப் பார்க்காதீர்கள், நான் முயன்று தோற்றவன். அழைப்பில் நேரத்தை மட்டும் முக்கால் மணி முன்னதாகப் போடுங்கள். பேஸ்மென்ட்டின் அகலமும் மேடையின் அகலமும் ஒன்றில்லை. தரையில் டேப் ஒட்டி மேடை அளவைக் காட்டிவிடுங்கள். இல்லையென்றால் அன்று மாலை பன்னிரண்டு பேரும் மேடை நடுவில் கொத்தாக நிற்பார்கள்.

பாடகர்களை வரிசைப்படுத்தும் விதம்

இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பெயர் வரிசை, வயது வரிசை, கௌரவ வரிசை எல்லாம் வேண்டாம். சுருதி வரிசையில் போடுங்கள். ஒருவர் சி ஷார்ப்பில், அதாவது நம் கணக்கில் ஒன்றரைக் கட்டையில் பாடுவார். அடுத்தவர் ஐந்தரை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் தபலாக்காரர் சுத்தியலை எடுத்துத் தட்டித் தட்டிச் சேர்க்க வேண்டும், சபை இருமிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஒரே சுருதிக்காரர்களை அடுத்தடுத்து வைத்து, இரண்டு வலது தபலா கொண்டுவரச் சொன்னால் ஒரு மணி நேர இசையில் பத்து நிமிடம் மிஞ்சும்.

தபலாவுக்கு இரண்டு மைக் வேண்டும், வலதுக்கு ஒன்று, இடதுக்கு ஒன்று. ஹார்மோனிய மைக்கை விரல் ஓடும் இடத்துக்கு நேரே வைத்தால் டக்டக் சத்தம்தான் கேட்கும். சற்று விலக்கி, சாய்த்து வையுங்கள். ஆபிருத்திக்குப் பின்னணி இசை கேட்டால் மறுத்துவிடுங்கள். குரல்தான் அங்கே எல்லாம்.

ரெக்கார்டுப் பாட்டுகளை ஒரு வாரம் முன்பே வாங்கி, வரிசை எண்ணோடு பெயர் மாற்றி, ஒரே லேப்டாப்பிலும் ஒரு பென் டிரைவிலும் வையுங்கள். "யூடியூபில் இருக்கிறது, அங்கேயே போடுங்கள்" என்பவரிடம் பாட்டை வாங்காமல் விடாதீர்கள். மகிஷன் விழுகிற நேரத்தில் கார் இன்ஷூரன்ஸ் விளம்பரம் வந்ததை நான் கண்ணால் கண்டேன்.

கொல்கத்தாவிலிருந்து வருபவர்

சனி இரவு பெரிய பாடகர் ஒருவர் வேண்டும் என்பார்கள். பூஜைக் காலத்தில் இந்தியாவிலிருந்து வருபவர்கள் வெள்ளி ஓர் ஊர், சனி ஓர் ஊர், ஞாயிறு ஓர் ஊர் என்று சுற்றுவார்கள். இன்னொரு காலம் கோடை. வங்க சம்மேளனம் என்ற வட அமெரிக்க வங்காளி மாநாடு 1981-இலிருந்து நடக்கிறது, பல கலைஞர்களின் சுற்றுப்பயணம் அதை ஒட்டித்தான். அமெரிக்காவுக்கு இப்படி வரும் பாரம்பரியக் கலைஞர்களுக்கென்றே பி-3 என்ற விசா இருக்கிறது. அந்தக் காகித வேலை சங்கத்துடையதா, ஏற்பாட்டாளருடையதா என்பது ஒப்பந்தத்தின் முதல் வரியாக இருக்கட்டும்.

உங்களுக்கு முக்கியம் சவுண்ட் செக். பேண்ட் இரண்டு மணி நேரம் கேட்கும். மாலையில் கொடுத்தால் குழந்தைகள் நிகழ்ச்சி செத்தது. மதியம் எல்லோரும் போக் என்ற பிரசாதச் சாப்பாட்டுக்குப் போகும் நேரத்தில் ஆடிட்டோரியம் காலி, அப்போது கொடுங்கள். விமானம் தாமதமானால் என்ன போடுவது என்பதையும் முன்கூட்டியே யோசியுங்கள். எங்களிடம் எப்போதும் ஓர் அந்தாக்ஷரி தயாராக இருக்கும். ஒரு வருடம் அது ஒன்றே கால் மணி நேரம் ஓடியது. பாடகர் வந்து சேர்ந்தபோது, "இன்னும் ஒரு ரவுண்ட்" என்று கத்தியவர்களை அடக்க வேண்டியதாயிற்று.

சனிக்கிழமை, மணிக்கு மணி

காலை பூஜை, நண்பகல் வாக்கில் புஷ்பாஞ்சலி. அஞ்சலி நேரத்தில் மேடையில் ஒரு "ஹலோ, செக்" கூட வேண்டாம். 1 மணிக்கு போக்: கிச்சுடி, லாப்ரா என்ற காய்க் கூட்டு, தக்காளிச் சட்னி, அப்பளம், பாயசம். வரிசை 2.30 வரை நீளும். 3 மணிக்குக் குழந்தைகள், 4 மணிக்குப் பாட்டு, 5 மணிக்கு நாட்டிய நாடகம். 5.45-க்கு ஸ்பான்சர்கள் பேசலாம். வீடு விற்பவர், கடன் வாங்கித் தருபவர், வரிக் கணக்கர் மூவருக்கும் சேர்த்து 10 நிமிடம். இவர்களைப் பெரிய பாடகருக்கு முன்னால் ஒருபோதும் வைக்காதீர்கள், விசில் பறக்கும்.

சந்திபூஜை இந்தச் சனிக்கிழமையில் எங்கே விழுகிறது என்று புரோகிதரிடம் கேட்டிருப்பீர்கள். அஷ்டமியின் கடைசி 24 நிமிடமும் நவமியின் முதல் 24 நிமிடமும் சேர்ந்த 48 நிமிடம் அது. 108 தாமரை, 108 விளக்கு. வார இறுதிப் பூஜையில் பெரும்பாலும் மாலை ஆரத்தியை ஒட்டி வைத்துக்கொள்வார்கள். அந்த நேரத்தில் மேடை முழுவதும் அணைந்திருக்க வேண்டும். சாப்பாடு 7.45. பெரிய கச்சேரி 9 மணிக்கு என்று அச்சடியுங்கள், 9.20-க்குத் தொடங்குங்கள், 11 மணிக்கு முடிப்பதாகக் கலைஞரிடமும் 10.45 என்று அவருடைய மேனேஜரிடமும் சொல்லுங்கள். கஸ்டோடியன் 11.30-க்கு விளக்கை அணைத்து அணைத்துப் போட்டுக் காட்டுவார். அவருக்கு மதியமே ஒரு தட்டு கிச்சுடி அனுப்பியிருந்தால் 11.40.

துனுச்சி

ஆரத்திக்குப் பிறகு டாக் மேளத்துக்கு ஆடுவது துனுச்சி நடனம். மண் சட்டியில் தேங்காய் நார் கனல், அதன் மேல் சாம்பிராணி போன்ற 'துனோ'. இரு கையிலும் ஏந்தி, சிலர் பல்லில் கடித்துக்கொண்டும் ஆடுவார்கள். மூன்று நாளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். எங்களைத் தெருவுக்கு இழுத்துவந்ததும் இதுதான்.

மூன்றாவது வருடம். கஃபெடீரியாவில் ஆறு சட்டி, நல்ல புகை, பெண்கள் குலவையிடுகிறார்கள், சங்கு ஊதுகிறார்கள். திடீரென்று கூரையில் வெள்ளை விளக்கு சுழன்று சைரன். பட்டுப் புடவையும் ஜரிகை வேட்டியுமாக நானூறு பேர் அக்டோபர்க் குளிரில் கார் நிறுத்துமிடத்தில். இரண்டு தீயணைப்பு வண்டிகள். கனத்த பூட்ஸோடு உள்ளே போன வீரர் ஒருவர், பத்துக் கை அம்மன் முன்னால் ஒரு கணம் நின்றுவிட்டு, தொப்பியைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தார். அதற்குள் டாக் வாசிக்கும் டாக்கி வெளியிலேயே அடிக்கத் தொடங்கிவிட்டார். சட்டியும் அங்கேயே வந்துவிட்டது. அந்த வருடத்து ஆட்டம் மாதிரி இன்னும் ஒன்று வாய்க்கவில்லை. அபராதக் கடிதம் இரண்டு வாரம் கழித்து வந்தது.

ஆகவே: உள்ளே சட்டியில் பேட்டரி விளக்கும் பஞ்சும். கனல் வேண்டுமென்றால் வெளியே, எழுத்தில் அனுமதி வாங்கி, தண்ணீர் வாளியும் தீயணைப்பானும் பக்கத்தில் வைத்து, சின்தெட்டிக் துணி அணிந்தவர்களை ஆடவிடாமல். ஆடுபவரைச் சுற்றி ஆறடிக்குக் கயிறு கட்டுங்கள். போன் பிடித்துக்கொண்டு உள்ளே நெருங்குபவர்கள்தான் ஆபத்து. ரெக்கார்டு மேளத்துக்கு ஆடலாம், பல ஊர்களில் அப்படித்தான். ஆனால் நிஜ டாக் ஒன்று ஊரில் இருக்கிறதா என்று எப்பாடுபட்டாவது தேடுங்கள்.

ஞாயிறு

தசமிச் சடங்கு முடிந்ததும் சிந்தூர் கேலா. சுமங்கலிப் பெண்கள் அம்மனுக்குக் குங்குமமிட்டு, ஒருவர் முகத்தில் ஒருவர் பூசிக்கொள்வார்கள். இன்று பல சங்கங்கள் விதவைகளையும் மணமாகாதவர்களையும் சேர்த்துக்கொள்கின்றன, நல்லது. அதை ஜிம்மின் மரத் தரையில் நடத்தாதீர்கள். தார்பாய் விரித்து, சுவரோரம் ஈரத் துடைப்பான் பெட்டிகள் வைத்து, அங்கிருந்து ஆடிட்டோரியத்துக்குப் போகும் வழியில் ஒருவரை நிற்க வையுங்கள். முதல் வருடம் வெல்வெட் நாற்காலிகளில் சிவப்புக் கை பதிந்து எங்கள் முன்பணம் முழுவதும் அதற்கே போயிற்று. அன்று மேடையில் நகைச்சுவை நாடகம் ஒன்று போதும், 30 நிமிடம். மூக்கு வரை சாப்பிட்டவர்கள் அதற்குமேல் தாங்கமாட்டார்கள்.

அம்மனைக் கரைப்பதில்லை. கொல்கத்தாவில் சிலை செய்பவர்கள் வாழும் குமோர்டுலியில் செய்து கப்பலில் வந்தவள். பிரித்து, துணி சுற்றி, மரப்பெட்டியில் வைத்து வாடகைக் கிடங்குக்குப் போவாள், சில வருடங்களுக்கு அவளேதான். பெட்டி மூடும் நேரத்தில் பெரியவர்கள் 'ஆஸ்சே போச்சோர் ஆபார் ஹோபே' என்று கத்துவார்கள்: அடுத்த வருடம் மறுபடி நடக்கும். அந்தக் கூச்சலில் நீங்கள் கேபிள் எண்ணிக்கையைத் தவறவிடாதீர்கள். மைக் ஸ்டாண்டு 9, நீள கேபிள் 14, நாலு வழிப் பிளக் 3. விட்டுப்போன பொருட்களுக்குத் தனி அட்டைப்பெட்டி: போன வருடம் அதில் ஒற்றைச் சலங்கை ஒன்று, தபலாச் சுத்தியல், சிங்கத்தின் வால். சுத்தியலுக்கு உடனே ஆள் வந்தது. வாலுக்கு இன்னும் யாரும் வரவில்லை, என் காரேஜில் இருக்கிறது.